உளூ இருக்கிறதே, சோப்பு எதற்கு?



எங்கள் மக்தபில் ஏழு பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து மதரஸா திறந்த சில நாள்களில், பாடம் ஒப்பித்துக் கொண்டிருந்த பத்து வயதுப் பையன் ஒருவன் வாந்தி வருகிறது என்று எழுந்து ஓடினான். வெயிலின் கோளாறு என்று எண்ணி அவனை வீட்டுக்கு அனுப்பினேன். நான்காம் நாள் அவனுடைய உம்மா தொலைபேசியில் அழைத்து, கண் மஞ்சளாகிவிட்டது, துஆ செய்யுங்கள் ஹஜ்ரத் என்றார். அதன்பின் மூன்று வாரம் அமைதியாகக் கழிந்தது. பிறகு பத்தே நாளில் மேலும் ஆறு பேர். அவர்களுள் ஒரு சிறுமி ஒன்பது நாள்கள் மருத்துவமனையில் கிடந்தாள். அல்ஹம்துலில்லாஹ், எல்லோரும் தேறி வந்துவிட்டார்கள்.

அந்த நாள்களில் ஒரு காலைப்பொழுதில் சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்தார். மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார், தண்ணீரைப் புட்டியில் பிடித்துக் கொண்டார், கழிவறைகளைச் சுற்றி வந்தார். பிறகு, பிள்ளைகள் வெளிக்குப் போய்விட்டு எங்கே கை கழுவுகிறார்கள் என்று கேட்டார். எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. "இவர்கள் உளூச் செய்கிற பிள்ளைகள் ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை முறை கை கழுவுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்றேன். அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "அது நல்ல பழக்கம்தான் ஹஜ்ரத். சோப்பு எங்கே இருக்கிறது?"

சோப்பு என் அலமாரியில் இருந்தது. பூட்டி வைத்தவன் நானே. பிள்ளைகள் அதை நுரைத்து விளையாடுகிறார்கள், சாக்கடையில் நழுவ விடுகிறார்கள், வாரத்துக்கு இரண்டு கட்டி கரைந்து போகிறது என்று ஓராண்டுக்கு முன்பு எடுத்து உள்ளே வைத்தேன். அன்று வீண்விரயத்தைப் பற்றி ஒரு பாடமும் நடத்தினேன். நோய் எங்கிருந்து தொடங்கியது என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் அந்த ஆய்வாளரும் சொன்னார். விடுமுறையில் யாரேனும் ஊருக்குப் போய் வாங்கி வந்திருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளையிலிருந்து ஆறு பிள்ளைகளுக்கு அது சென்ற வழியில் என் பங்கு எவ்வளவு என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

மஞ்சள் காமாலை பலவகை. பிள்ளைகளிடையே இப்படிப் பரவுவது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ என்னும் வைரஸால் வருவது. நோயாளியின் மலத்தில் வெளியேறும் கிருமி, கழுவப்படாத கையின் வழியாகவோ, மாசுபட்ட தண்ணீர், உணவின் வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போகிறது. போன பிறகு நோய் வெளிப்பட, பொதுவாக 2 முதல் 4 வாரங்கள் ஆகும். நான் அமைதி என்று நினைத்திருந்த அந்த மூன்று வாரமும் அதுதான். இதில் இன்னொன்றும் இருக்கிறது. கண் மஞ்சளாவதற்கு ஒன்றிரண்டு வாரங்களுக்கு முன்பே கிருமி வெளியேறத் தொடங்கிவிடுகிறது. மிகச் சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரிவதில்லை. ஆகவே நோயுற்ற பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட்டால் போதும் என்று இருந்துவிட முடியாது. நலமாகத் தெரிகிற பிள்ளையின் கையும் கழுவப்பட்டாக வேண்டும்.

இனி, அன்று நான் பெருமையோடு சொன்ன பதிலுக்கு வருகிறேன். நம்மில் பலர் இதே பதிலைத்தான் சொல்வார்கள். 2020இல் கொரோனா வந்தபோது, கை கழுவுவதை உலகுக்கு 1400 ஆண்டுகளுக்கு முன்பே கற்றுக் கொடுத்த மார்க்கம் இது என்று நாம் எத்தனை மேடைகளில் பேசினோம்! பேசியது பொய்யன்று. ஆனால் அந்தப் பேச்சு நம்மிடம் ஒரு மெத்தனத்தையும் வளர்த்துவிட்டது. ஐந்து வேளை உளூச் செய்கிறோம், எனவே நம் கை சுத்தம் என்று நாமே தீர்ப்பு எழுதிக் கொண்டோம்.

பல ஆண்டுகளாகத் தஹாரத் பாடம் நடத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஃபிக்ஹு பேசும் தூய்மை ஓர் அளவுகோல், மருத்துவர் பேசும் சுத்தம் வேறோர் அளவுகோல். ஷாஃபிஈ மத்ஹபில், இரு குல்லத்து அளவை எட்டிய தண்ணீரில் நஜீஸ் விழுந்தாலும், நிறமோ சுவையோ வாடையோ மாறாதவரை அது தூய்மையானதே. அதில் உளூச் செய்யலாம், தொழுகை கூடும். அடியார்களுக்கு வணக்கம் சிரமமாகிவிடக் கூடாது என்பதற்காக வகுக்கப்பட்ட இலகு அது. அந்தத் தண்ணீரில் கிருமி இல்லை என்று எந்த இமாமும் எழுதி வைக்கவில்லை. கண்ணுக்கும் நாவுக்கும் மூக்கும் தெரிவதைக் கொண்டு சட்டம் சொன்னார்கள். கிருமியோ இம்மூன்றுக்கும் தெரியாதது. அவ்வாறே, இஸ்திஞ்சா செய்த பிறகு தண்ணீரால் கழுவிய கை மார்க்கச் சட்டப்படி தூய்மையாகிவிடுகிறது. அந்தக் கையால் தக்பீர் கட்டினால் தொழுகை நிறைவேறும். அதே கையால் சோறு பிசைந்து பிள்ளைக்கு ஊட்டினால் பிள்ளைக்கு நோய் வராது என்று சட்டம் வாக்களிக்கவில்லை.

மேலும், உளூ முறிவதற்கான காரணங்கள் வேறு, கை அழுக்காவதற்கான காரணங்கள் வேறு. மூக்கைச் சிந்தினால் உளூ முறியாது. உள்ளங்கையில் தும்மினால் முறியாது. மீன் அறுத்தால், ரூபாய் நோட்டு எண்ணினால், செருப்பை எடுத்து வைத்தால் எதனாலும் முறியாது. லுஹருக்குச் செய்த உளூவோடு அஸரையும் தொழுவது நம் பெரியவர்கள் பலரின் வழக்கம். நல்ல வழக்கம். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் அந்தக் கைகள் எங்கெல்லாம் போய் வந்தன என்பதை யார் கணக்கு வைத்தார்கள்?

கை எங்கே போய் வந்தது என்ற இந்தக் கேள்வி என்னுடையதன்று. தூங்கி எழுந்தவர் தம் கையை மும்முறை கழுவுவதற்கு முன் பாத்திரத்துக்குள் விட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இரவில் அந்தக் கை எங்கே தங்கியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது என்பதே அதற்கு அவர்கள் கூறிய காரணம். புகாரியிலும் முஸ்லிமிலும் அபூஹுரைரா (ரலி) வழியாக இது பதிவாகியுள்ளது. கவனித்துப் பாருங்கள். கையில் அசுத்தம் பட்டது உறுதியானால் கழுவு என்று சொல்லப்படவில்லை. பட்டதா இல்லையா என்று தெரியாததே கழுவுவதற்குப் போதுமான காரணமாக ஆக்கப்பட்டிருக்கிறது. நான் பிள்ளைகளுக்கு இந்த ஹதீஸை எத்தனையோ முறை மனனம் செய்வித்திருக்கிறேன். அலமாரியைப் பூட்டிய நாளிலும் அது எனக்கு மனப்பாடம்தான்.

உஸ்மான் (ரலி) அவர்கள் நபியவர்களின் உளூவை மக்களுக்குச் செய்து காட்டிய செய்தியும் நாம் அறிந்ததே. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் ஆறாம் வசனம் முகத்தைக் கழுவுவதிலிருந்து தொடங்குகிறது. உஸ்மான் (ரலி) அவர்களோ முதலில் இரு கைகளிலும் மும்முறை தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே வாய்க்கும் மூக்கும் முகத்துக்கும் சென்றார்கள். மற்ற உறுப்புகளுக்குத் தண்ணீரைக் கொண்டு செல்லும் கருவி கை. கருவி முதலில் சுத்தமாக வேண்டும். நம் பிள்ளைகள் குழாயைத் திறந்ததும் நேரே வாய் கொப்பளிப்பதைப் பார்க்கிறேன். மணிக்கட்டு வரை கழுவும் அந்த முதல் ஸுன்னத் பல பள்ளிவாசல்களில் விரல் நனைப்பாகச் சுருங்கிவிட்டது. விரல்களைக் கோதிக் கழுவுமாறு லகீத் பின் ஸபிரா (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கற்பித்ததும், இயற்கை மரபுகள் பத்தில் ஒன்றாக விரல் கணுக்களைக் கழுவுவதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததும் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. இன்று செவிலியர் பயிற்சியில் கை கழுவும் முறையைக் கற்பிப்பவர்கள் விரல் இடுக்கு, விரல் கணு, நகக்கண் என்று அதே இடங்களைத்தான் சுட்டிக் காட்டுகிறார்கள், நாம் விட்டுவிடுவதும் அவற்றைத்தான்.

சரி, இவை எல்லாம் தண்ணீரைப் பற்றித்தானே, சோப்பு எங்கே வந்தது என்று கேட்கலாம். மைமூனா (ரலி) அவர்கள் நபியவர்களின் குளிப்பை வருணிக்கும் ஹதீஸைப் பாருங்கள். அந்தரங்க உறுப்பைக் கழுவியதும் நபியவர்கள் தம் கையைத் தரையில் தேய்த்துக் கழுவினார்கள். தண்ணீர் கையில் இருக்கும்போதே மண்ணில் ஏன் தேய்க்க வேண்டும்? ஒட்டிக் கொண்டிருப்பது தண்ணீரால் மட்டும் போகாது என்பதால். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவச் சொன்னபோதும் ஒரு முறை மண்ணைக் கொண்டு கழுவச் சொன்னார்கள். தம் மகளாரின் ஜனாஸாவைக் குளிப்பாட்டியபோது தண்ணீரோடு இலந்தை இலையைச் சேர்க்குமாறு உம்மு அதிய்யா (ரலி) முதலிய பெண்களிடம் சொன்னார்கள். ஸித்ர் என்னும் அந்த இலையைக் கசக்கினால் நுரை வரும். அரபு நாட்டில் அக்காலத்தில் கைக்கெட்டிய சோப்பு அது. பின்வந்த நூற்றாண்டுகளில் அலெப்போவிலும் நாப்லூஸிலும் ஆலிவ் எண்ணெயிலிருந்து சோப்புக் காய்ச்சுவதைப் பெருந்தொழிலாகவே நம் முன்னோர் வளர்த்தார்கள். அந்த ஊர்ச் சோப்பு இன்றும் அதன் பெயராலேயே அறியப்படுகிறது.

நம் ஊரில் மய்யித்தைக் குளிப்பாட்ட இலந்தை இலையும் சோப்பும் கற்பூரமும் குறைவின்றி வந்து சேர்கின்றன. இதில் யாரும் செலவுக் கணக்குப் பார்ப்பதில்லை. அதே பள்ளிவாசலின் கழிவறைக்குப் போய்விட்டு வரும் உயிருள்ள மனிதருக்கு வெறும் குழாய்தான்.

தண்ணீருக்கும் சோப்புக்கும் உள்ள வேறுபாட்டை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், தன்னார்வலர்கள் பேருந்து, அருங்காட்சியகம் போன்ற பொது இடங்களில் கதவுப் பிடிகளையும் கம்பிகளையும் தொட்டுவிட்டு வந்தார்கள். கழுவாத கைகளில் எடுத்த மாதிரிகளில் 44 விழுக்காட்டில் மலத்திலிருந்து வந்திருக்கக்கூடிய பாக்டீரியாக்கள் இருந்தன. தண்ணீரால் மட்டும் கழுவியபோது அது 23 விழுக்காடு. சோப்பால் கழுவியபோது 8 விழுக்காடு. தண்ணீர் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை, பாதியைக் குறைத்திருக்கிறது. ஆனால் மீதி இருப்பதும் சிறிதன்று. கிருமிகள் கையிலுள்ள எண்ணெய்ப் பசையோடு ஒட்டியிருக்கின்றன. தண்ணீர் அந்தப் பசையின் மேல் வழிந்து ஓடிவிடுகிறது. சோப்பு பசையைத் தோலிலிருந்து பெயர்த்தெடுக்கிறது, பிறகு தண்ணீர் அதை அடித்துச் செல்கிறது. பிரியாணி சாப்பிட்ட கையை வெறும் தண்ணீரில் கழுவிப் பார்த்த எவருக்கும் இது விளங்கும்.

இதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது கராச்சியில் நடந்த ஆய்வு. அங்கே குடிசைப் பகுதிகளில் சில தெருக்களின் குடும்பங்களுக்குச் சோப்புக் கொடுத்து, கை கழுவும் வேளைகளையும் சொல்லிக் கொடுத்து, வாரந்தோறும் போய்ப் பார்த்து வந்தார்கள். அந்தக் குடும்பங்களில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்தது. 15 வயதுக்குட்பட்டோரிடையே வயிற்றுப்போக்கு 53 விழுக்காடு குறைந்தது. 2005இல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளியாயிற்று. கிருமிநாசினி கலந்த விலையுயர்ந்த சோப்புக்கும் சாதாரண சோப்புக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. கராச்சி பாங்கொலி கேட்காத ஊரன்று. உளூச் செய்யத் தெரியாத மக்களும் அல்லர் அவர்கள். உளூவோடு சோப்பும் சேர்ந்தபோது பிள்ளைகள் பிழைத்துக் கொண்டார்கள்.

இப்போது நம் இடங்களை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பள்ளிவாசல் வாசலில் கொரோனா காலத்தில் மாட்டிய சோப்புப் புட்டிகள் எங்கே? பல ஊர்களில் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. ஹவுளில் கைகளை முக்கி எடுக்கும் இடத்தில் கழிவறையிலிருந்து நேரே வருபவரும் கைகளை முக்குகிறார். ரமளானில் நோன்புக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகள், கோப்பையைத் தாங்களே பானைக்குள் விட்டு மொள்கிறார்கள். கல்யாண வீட்டில் ஸஹன் வைக்கும்போது நான்கைந்து பேரின் விரல்கள் ஒரே தட்டில் சேர்கின்றன. ஸஹனில் உண்பதை நான் விட மாட்டேன், அதில் பரக்கத்தும் இருக்கிறது, பந்தியில் பெரியவர் சிறியவர் என்ற பேதமும் அழிகிறது. ஆனால் முன்பெல்லாம் சொம்பும் தாம்பாளமுமாக ஒருவர் வந்து ஒவ்வொருவருக்கும் கை கழுவத் தண்ணீர் ஊற்றிய பிறகே ஸஹன் வந்தது. இப்போது மண்டபங்களில் கை கழுவும் இடம் ஒரு மூலையில், சாப்பிட்டு முடித்தவர்களுக்காக மட்டும் இருக்கிறது. ஒரே தட்டில் உண்ணும் சமுதாயம் மற்றவர்களைவிட அதிகமாகக் கை கழுவ வேண்டிய சமுதாயம். உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் ஹக்கு அது.

வீண்விரயம் என்ற வாதத்தை நானே சொன்னவன், எனவே அதற்கு நானே பதில் சொல்கிறேன். நபியவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில், அதாவது இரு கைகளும் சேர்த்து அள்ளும் அளவில், உளூச் செய்தார்கள். உண்மை. சோப்புப் போட்டுத் தேய்க்கும்போது தண்ணீர் ஓட வேண்டியதில்லை. நனைத்ததும் குழாயை மூடிவிட்டு, இருபது விநாடி தேய்த்துவிட்டு, மீண்டும் திறந்து அலசினால் போதும். நம் ஹவுள் ஓரங்களில் திறந்து கிடக்கும் குழாய்களோடு ஒப்பிட்டால் அந்தத் தண்ணீர் ஒன்றுமேயில்லை. ஒவ்வோர் உளூவுக்கும் சோப்புப் போட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் ஏற்கெனவே வஸ்வாஸில் அவதிப்படுபவர்களை இன்னும் வருத்தியதாகிவிடும். கழிவறையிலிருந்து வந்ததும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்டதும், சமைப்பதற்கும் உண்பதற்கும் ஊட்டுவதற்கும் முன்பும், இருமல் தும்மலுக்குப் பின்பும், நோயாளியைக் கவனித்த பின்பும். இவ்வளவுதான். உளூ அதன் இடத்தில் இருக்கட்டும். சானிடைசர் பயணத்தில் உதவும், வீட்டில் சோப்புக்கு அது ஈடாகாது. அழுக்கும் எண்ணெயும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்வதில்லை, மஞ்சள் காமாலைக் கிருமியிடம் அதன் பலிப்பும் குறைவு.

இதையெல்லாம் எழுதும்போது உம்மாமார்களிடம் ஒன்று சொல்லத் தயங்குகிறேன், ஏனென்றால் வீட்டில் கை கழுவுவதைப் பற்றிய உபதேசம் எப்போதும் அவர்கள் தலையிலேயே விழுகிறது. ஆகவே அத்தாமார்களிடம் சொல்கிறேன். பள்ளிவாசலிலிருந்து வந்ததும் பிள்ளையைத் தூக்கி வாயருகே விரலை வைத்துக் கொஞ்சுவதற்கு முன், கை கழுவுமிடத்துக்குப் போய் வாருங்கள். பிள்ளை பார்க்கட்டும்.

எங்கள் மக்தபில் இப்போது சோப்புக் கட்டிகளைப் பழைய வெங்காய வலைப் பைகளில் போட்டுக் குழாயோடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். சாக்கடையில் நழுவுவதில்லை. வலையோடு சேர்த்துத் தேய்ப்பதால் நுரையும் நன்றாக வருகிறது. ஒரு பிள்ளையின் வாப்பா, பழக்கடைக்காரர், சொல்லிக் கொடுத்த யோசனை அது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் இருவர் முறை வைத்து, சிறியவர்கள் கழிவறையிலிருந்து வரும்போது பக்கத்தில் நிற்கிறார்கள். நகம் பார்ப்பது வியாழக்கிழமைகளில், அந்த வேலை என்னுடையது. நகம் வெட்ட நாற்பது நாளுக்கு மேல் தாமதிக்கலாகாது என்ற ஹதீஸைச் சொல்லிவிட்டு வாரந்தோறும் பார்க்கிறேன். இன்னும் நுரைத்து விளையாடத்தான் செய்கிறார்கள். வாரத்துக்கு இப்போது மூன்று கட்டி ஆகிறது.

சென்ற மாதம் ஜமாஅத் கூட்டத்தில், மின்கட்டணம், பாய், ஒலிபெருக்கி பழுது ஆகியவற்றுக்குக் கணக்கு எழுதுவதைப் போலச் சோப்புக்கும் ஒரு வரி எழுத வேண்டும் என்று கேட்டேன். ஆண்கள் கழிவறை, பெண்கள் கழிவறை, ஹவுள், மக்தப் என நான்கு இடங்களுக்கு. முத்தவல்லி அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் யாராவது நன்கொடையாகத் தந்தால் வாங்கலாம் என்றார்கள். நன்கொடை இரண்டு மாதம் வரும், மூன்றாம் மாதம் ஆணி மட்டும் மிஞ்சும் என்று சொன்னேன். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். அது வரும் ஞாயிற்றுக்கிழமை இஷாவுக்குப் பிறகு. ஏழு பிள்ளைகளின் பெற்றோரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.